உன்னைக் கேலி செய்ய வேண்டியவள்

அண்ணி,

நேற்று மத்தியானம் பாபின் தேடித் தையல் மெஷின் டிராயருக்குள் கையை விட்டபோது அது விரலில் தட்டுப்பட்டது. உன் கோலாக் கொட்டை. காய்ந்து சுருங்கி, பழைய கொட்டைப்பாக்கைவிடக் கறுத்துக் கிடக்கிறது. மூக்கருகில் வைத்துப் பார்த்தேன். உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மரப்பட்டையும் மண்ணும் கலந்தது போல ஒரு வாசனை வருமே, அது இதில் இல்லை. மெஷின் எண்ணெய் வாசனைதான் அடிக்கிறது. உன் வீட்டில் எதுதான் எண்ணெய் நாறாமல் இருந்தது என்று கேட்பாய். கேள். அதற்கு உனக்கு உரிமை உண்டு.

தீபாவளிக்குத் தைத்துத் தர வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முத்தியால்பேட்டைப் பெண்களோடு சரிக்குச் சரி சண்டை போடும் அளவுக்குத் தமிழ் பேசினாய். படிக்க மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. எத்தனை தடவை பலகையும் பலப்பமும் கொண்டுவந்தேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொண்டாய். இப்போது பார், அதனால்தான் எனக்கு இவ்வளவு தைரியம். எழுதுவது எதையும் நீ படித்துத் திட்ட முடியாது.

அண்ணியை ‘நீ’ என்று எழுதுகிறாளே என்று வேறு யாராவது படித்தால் நினைப்பார்கள். ‘நீங்கள்’ என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும் என்பது எனக்கும் உனக்கும் தெரிந்தால் போதும்.

எழுபத்தாறாம் வருஷம், ஐப்பசி மழையில் நீ வந்து இறங்கினாய். அதற்கு மூன்று வருஷம் முன்பே அண்ணன் செனகல் தேசத்திலிருந்து கடிதம் எழுதியிருந்தான். பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுச் சின்ன வயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து போனவன் அவன். தக்கார் பட்டணத்து முகாமில் இருக்கிறேன், இங்கே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டேன் என்று எழுதி உன் போட்டோவையும் வைத்திருந்தான். அம்மா அந்தப் போட்டோவை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். சோறு வடிக்க அரிசி அள்ளும்போதெல்லாம் நீ என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். பிறகு அவனை ஏதோ பாலைவனத்துக்கு மாற்றினார்கள். அங்கே குடும்பத்தோடு இருக்க முடியாது என்று ஒரு மாத லீவில் வந்து உன்னை எங்களிடம் விட்டுப் போனான்.

ரிக்‌ஷா நின்றதும் தெருவே கூடிவிட்டது. பிள்ளைகள் உன் தலைமுடியைத் தொட்டுப் பார்க்க எம்பிக் குதித்தார்கள். பெரியவர்கள் வாய்விட்டுச் சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன். அவர்கள் பேத்திகளுக்கெல்லாம் இப்போது நான்தான் பாவாடை தைக்கிறேன். அம்மா ஆலம் கரைத்து ஆரத்தி எடுக்கவில்லை. நீயாகவே உள்ளே வந்தாய், வாசல் நிலையில் நெற்றியை ‘ணங்’கென்று இடித்துக்கொண்டாய். எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த உயரம் கிடையாது, அதனால் அந்த நிலை யாரையும் இடித்ததில்லை. நீ நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாய். புகுந்த வீட்டில் முதல் சத்தமாகச் சிரிப்பைக் கொண்டுவந்த மருமகளை அம்மா அதற்கு முன் பார்த்ததில்லை. நானும்தான்.

மறுநாள் காலை அம்மா அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

“தாலி எங்கடா? கழுத்து மொட்டையா கீது. தாலி கட்டாத கல்யாணம் இன்னாடா கல்யாணம்?”

அண்ணன் உன்னிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். நீ எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, துணி முடிச்சில் இருந்த இரண்டு கொட்டைகளைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைத்தாய். “இதான் அவளுக்குத் தாலி” என்றான் அண்ணன். உங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் கோலாக் கொட்டை கொண்டுபோக வேண்டும். பெண் வீட்டார் அதை வாங்கிப் பகிர்ந்து தின்றால் சம்மதம், திருப்பி அனுப்பினால் இல்லை. தாய்மாமன் கையால் வாங்கினால்தான் செல்லும்.

“தாய்மாமனா?” அம்மாவின் குரல் மாறியது. “அங்கயுமா?”

“அங்க அப்பன்கூட அப்புறம்தான். தாய்மாமன்தான் எல்லாம்.”

மூன்று அண்ணன்மாரோடு பிறந்தவள் அம்மா. தாய்மாமனுக்கு மரியாதை உள்ள ஊரை அவளால் ஒரேயடியாக வெறுக்க முடியவில்லை. வெற்றிலைத் தட்டை இழுத்து, ஒரு கொட்டையைப் பாக்குவெட்டியில் வைத்துச் சீவினாள். ஒரு சில்லை வாயில் போட்டதும் முகம் கோணியது. “த்தூ, எட்டிக்காயாட்டம் கசக்குது” என்றாள். நீ ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாய். குடித்தவள் இன்னொரு வாய் குடித்தாள். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்ததுபோல இனித்ததாம். மிச்சத்தை எனக்கும் அப்பாவுக்கும் பங்கு வைத்தாள். எல்லோரும் மென்று முடிக்கிறவரை நீ வாய் திறக்கவில்லை. பிறகுதான் அண்ணனிடம் சொல்லி, அவன் எங்களுக்குச் சொன்னான்: “எல்லாரும் தின்னுட்டீங்க. கல்யாணம் முடிஞ்சுபோச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்கறா.”

அப்பா சிரித்துப் புரையேறி இருமினார். அம்மாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சாயங்காலம் தலைவாரிவிட உன்னைக் கூப்பிட்டாள். உன் முடியில் எங்கள் சீப்பில் இரண்டு பல் உடைந்தது, அது வேறு கதை.

அண்ணன் போன பிறகுதான் சிக்கல். மூன்று வேளையும் சோறு உனக்கு இறங்கவில்லை. அப்பா மில்லிலிருந்து வரும்போது கம்பு வாங்கி வந்தார். கையில் காசு இருக்கிறவர்கள் அரிசிக்கு மாறிவிட்ட காலம் அது. “சொல்தா ஊட்டுல கம்பு திங்கறாங்கடி” என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள். நீ உரலில் இடித்து, சலித்து, புட்டு போல ஆவியில் வேகவைத்தாய். முருங்கைக்கீரையும் வேர்க்கடலையும் கருவாடும் போட்டுக் குழம்பு வைத்து அதன்மேல் ஊற்றினாய். முருங்கைக்கீரை எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்கும் வைத்தாய். நான் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டேன். அப்போதுதான் என் தட்டைப் பார்த்து, புதிதாகக் கற்ற தமிழில், எனக்குப் பெயர் வைத்தாய்.

“நீ சோத்துமூட்ட.”

எனக்குச் சுருக்கென்றது. நாத்தனாரைப் பார்த்து, வந்து ஆறு மாதம் ஆகாதவள் சொல்கிற பேச்சா இது? “நீ கம்பங்கூழு” என்று திருப்பிக் கொடுத்தேன். சண்டைக்கு நான் தயாராக நிற்க, நீ கையைத் தட்டிக் குதித்தாய்.

விஷயம் முழுவதும் புரிய எனக்குப் பல நாள் ஆயிற்று. நீங்கள் செரேர் ஜனம், கம்பு தின்கிறவர்கள். தெற்கே ஆற்றங்கரையில் ஜோலா ஜனம், நெல் விளைத்துச் சோறு தின்கிறவர்கள். இரண்டு ஜனத்துக்கும் நடுவே காலங்காலமாக ஒரு கேலி உறவு. எங்கே பார்த்துக்கொண்டாலும், முன்பின் தெரியாதவர்களாக இருந்தாலும், ‘என் அடிமையே’, ‘திருடா’, ‘தீனிப்பண்டாரமே’ என்றுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். கேட்டவர் கோபப்படவே கூடாது. கோபப்பட்டால் உறவு அறுந்துபோகும். கேலி உறவுக்காரன் ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லவும் கூடாது. உன் கல்யாணமே அதனால்தான் நடந்தது. அண்ணனுக்கு அங்கே சொந்தம் என்று யார் இருந்தார்கள்? முகாமில் சமையல் செய்த ஜோலாக்காரர் ஒருவர்தான் கோலாக் கொட்டையை எடுத்துக்கொண்டு உன் மாமன் வீட்டுக்குப் போனார். “ஏ அடிமை, என் பையனுக்குப் பெண் கொடு” என்று வாசலில் நின்று கத்தினார். பெண்ணைக் கடல் கடந்து அனுப்ப மனமில்லாத உன் மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டையை வாங்கினார்.

“இங்க ஜோலா இல்ல,” என்றாய். “எனக்குத் திட்ட ஆள் இல்ல. திட்ட ஆள் இல்லாத ஊர்ல எப்டி இருக்கறது? நீதான் சோறு தின்னுற. நீதான் என் ஜோலா.”

எங்கள் பக்கம் மாமன் மகளையும் அத்தை மகனையும் கேலி செய்வோம், அது முறை. நாத்தனாரும் அண்ணியும் கேலி செய்துகொள்கிற முறை கிடையாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற முறைதான் உண்டு. அதை நீ எனக்கு மிச்சம் வைக்கவில்லை. நான் ஊருக்கே தெரிந்த வாய்க்காரி. நீ என்னைவிட வாய்க்காரி. அடுத்த இரண்டு வருஷம் நம் வீட்டுக் கிணற்றடியில் நடந்த பேச்சுக்குத் தெருப் பெண்கள் துணி துவைக்கிற சாக்கில் வந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயிலுக்குப் பூசை பார்க்கப் போவாய். அமாவாசையன்று அம்மா முன்னோருக்குப் படைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாய். உன் தாத்தா ஒரு மரத்தடியில் செத்தவர்களுக்குப் பால் ஊற்றுவாராம். ஞானஸ்நானம் வாங்கிய உன் அப்பாவும் பூசை முடிந்ததும் அந்த மரத்தடிக்குப் போவாராம். “உங்க பெரிய சாமி பேரு இன்னா?” என்று அம்மா கேட்டாள். “ரோக்” என்றாய். உருவம் கிடையாது, மேலே இருக்கிறது, அதனிடம் நேராகப் பேச முடியாது, செத்தவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும். “அப்ப நம்ம கவர்மெண்டு ஆபீசு மாதிரிதான்” என்றாள் அம்மா. மறு அமாவாசைக்குப் பால் செம்பை உன் கையில் கொடுத்தாள்.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்த மடல். இதுவரை எழுதியதெல்லாம் அதைத் தள்ளிப்போடத்தான் என்று உனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா பின்கட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் அடைந்து, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இருமுவார். நீ உங்கள் ஊர்ச் சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். சாவு வீட்டுக்குக் கேலி உறவுக்காரர்கள் வந்தே ஆக வேண்டும். செத்தவரின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவரைப் போலவே நடந்து, பேசி, அவருடைய குறைகளையெல்லாம் செய்து காட்ட வேண்டும். அழுகிறவர்கள் சிரிக்க வேண்டும். பிணத்தைத் தூக்கும்போது வழியை மறித்துக் கையை நீட்ட வேண்டும். கோலாக் கொட்டையோ வேறு ஏதாவதோ கையில் வைத்தால்தான் வழி விடுவார்கள். அப்படி யாரும் வராத சாவு அநாதைச் சாவு.

அப்பா கடலை உரிப்பதை நிறுத்தினார். “அப்ப நான் செத்தா நீ வருவியா?”

நீ பயந்துவிட்டாய். “ஐயோ மாமா, மாமனாரக் கேலி பண்ணக் கூடாது. எங்க ஊர்லயும் கூடாது.”

“நானும் சோறு தின்னுறவன்தான? இந்த ஊட்லயே பெரிய சோத்துமூட்ட நான்தான். இங்க அழுதே ஆளக் கொல்லுவாங்கம்மா. ஒருத்தியாவது சிரிக்க வெக்கட்டும். பண்ணணும், இன்னா?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சாட்சிடி.”

நான் தலையை ஆட்டினேன். வாயில் கடலை இருந்தது.

எண்பத்தொன்றில் அப்பா போனார். அண்ணன் அதற்குள் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டான். நான் கல்யாணமாகி நெல்லித்தோப்புக்குப் போயிருந்தேன். சேதி கேட்டு ஓடிவந்து, பெண்களோடு கட்டிக்கொண்டு அழுதேன். வாசலில் மேளம் அடித்தார்கள். மில்லில் அப்பாவோடு வேலை செய்தவர்கள் சாராயம் குடித்துவிட்டு, விசிலடித்துப் பாடைக்கு முன்னால் ஆடினார்கள். அதை யாரும் குற்றம் சொல்லவில்லை, அது வழக்கம்.

பாடையைத் தூக்குகிற நேரம் நீ உள்ளிருந்து வந்தாய். அப்பாவின் நீலச் சட்டை, தலையில் அவர் துண்டு முண்டாசு, கையில் அவருடைய சோற்றுத் தூக்கு. இடது தோளைச் சாய்த்து, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாய். இரண்டு வயசுப் பிள்ளைகூட அடையாளம் சொல்லும், அது அப்பாவேதான். நின்று, இல்லாத வெற்றிலைச் சாற்றைத் துப்பி, “ஏய், சோறு ஆச்சா இல்லியா?” என்று அவர் குரலில் கத்தினாய். மேளம் நின்றது. ஒரு கிழவி மட்டும் தன்னை மறந்து சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நீ பாடைக்கு முன்னால் வந்து கையை நீட்டினாய். “வெத்தல பாக்கு குடுத்தாதான் வழி.” உன் கண்ணிலிருந்து தாரையாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

சித்தப்பா உன்னைப் பிடித்துத் தள்ளினார். யாரோ முண்டாசை இழுத்தார்கள். அண்ணன் உன் கையை முறுக்கிப் பிடித்து, “உள்ள போ! என் மானத்த வாங்கவா இங்க கூட்டியாந்தேன்?” என்று கத்தினான். நீ அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தாய். சாட்சி சொல்ல வேண்டியவள் நான். “அப்பாதான் கேட்டாரு” என்று இரண்டு வார்த்தை. ஊருக்கே வாய் வைத்திருந்தவள் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டேன். என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பது ஒரு காரணம். உன்னோடு சேர்த்து என்னையும் பைத்தியக்காரி என்பார்கள் என்பது இன்னொன்று. எத்தனை காரணம் சொன்னாலும் பயம்தான்.

அதற்குப் பிறகு நல்ல காரியங்களுக்கு உன்னைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் நீராட்டுக்கு, கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு. சாவுக்கு மட்டும் கூப்பிடவில்லை. “உன் ஊட்டுக்காரி வர வேணாம்ப்பா” என்று அண்ணனிடம் சொல்லி அனுப்புவார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடாவிட்டால் விருந்தாளி இல்லை என்று அர்த்தம்; சாவுக்குக் கூப்பிடாவிட்டால் சொந்தமே இல்லை என்று அர்த்தம். அது உனக்கு யாரும் சொல்லாமலே புரிந்திருந்தது.

நான் உன்னிடம் வந்து, “நீயே அண்ணங்கிட்ட சொல்லேன்” என்றேன். எவ்வளவு கேவலமான யோசனை.

“நான் சொன்னா அது சாக்கு,” என்றாய். “செத்தவங்க பேச்ச, கேட்டுகினு இருந்தவங்கதான் சொல்லணும். அதுக்குத்தான் மாமா உன்ன வெச்சாரு.” அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

அம்மாவிடம் மட்டும் சொன்னேன், முப்பதாம் நாள் படையல் கும்பிட்ட மறுநாள். அவள் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, “அவளக் கூப்பிடு” என்றாள். அண்ணன் வெளியே போயிருந்தான். கதவைச் சாத்தச் சொன்னாள். “எங்க, அவரு மாதிரி நடந்து காட்டு.” நீ என்னைப் பார்த்தாய், அவளைப் பார்த்தாய், கொடியில் கிடந்த துண்டை எடுத்தாய். அடுப்படியிலிருந்து வாசல்வரை நடந்தாய். அம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருமலையே காணோமே,” என்றாள். “தெருமுனையில இருமுவாரே. அத வெச்சுத்தான நான் தட்டு போடுவேன்.”

நீ திரும்பப் போய் அடுப்படியில் நின்று இருமினாய். அம்மா சிரித்தாள். சிரித்து, பிறகுதான் அழுதாள். புருஷன் போன நாளிலிருந்து அவள் அழவில்லை என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அண்ணனிடம் நானே சொல்கிறேன் என்றாள். சொல்லாமலே மூன்று வருஷத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். அவள் சாவில் உன்னை அடுக்களையைவிட்டு வெளியே வரக் கூடாது என்றான் அண்ணன். நீ வரவில்லை. நான் அன்றும் சொல்லவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் உன் கைகால் வீங்கியிருந்தது. மூத்திரக்காய் இரண்டும் போய்விட்டது என்றார் டாக்டர். நீ கட்டிலில் கிடந்து என் கையைத் தட்டினாய். “சோத்துமூட்ட, நீ வரணும். மூலையில உக்காந்து அழாத. அழறதுக்கு ஆயிரம் பேரு வருவாங்க. எனக்குக் கேலி பண்ண நீ ஒருத்திதான்.” வருவேன் என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். “தலையில அடிக்காத, ஏற்கனவே வலிக்குது” என்றாய்.

வந்தேன். மூலையில் உட்கார்ந்து அழுதேன். சாமியார் ஜெபம் சொன்னார், சொல்தாக் குடும்பங்கள் வந்திருந்தன, சித்தப்பா வாசலில் நின்றார். உன் பெட்டி என்னைத் தாண்டிப் போனது. யாரும் வழி மறிக்கவில்லை. அநாதைச் சாவு என்று நீ சொன்ன வார்த்தை அன்றிலிருந்து என் காதில் இருக்கிறது. மெஷினை மிதிக்கும்போதும் கேட்கும்.

போன மாதம் அண்ணன் ஆள் அனுப்பினான். உன் உடுப்புகளை எடுத்துப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம், அவனுக்குக் கை வரவில்லையாம். பிள்ளைகுட்டி இல்லாத அந்த வீட்டில் அவன் ரேடியோகூடப் போடுவதில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை அடித்தது. மேலாக இருந்தது உன் மஞ்சள் துணி, நீல மீன் போட்டது. என்ன நினைத்தேன் என்று தெரியவில்லை. புடவைமேலேயே அதைச் சுற்றினேன். தலையில் உன் தலைக்கட்டைக் கட்டினேன். இரண்டு கையையும் முதுகில் வைத்து, மோவாயைத் தூக்கி, தரையையே உனக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததுபோல நடப்பாயே, அப்படி நடந்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பிளந்தான். “இன்னாடி சோத்துமூட்ட, என் ஜாக்கெட்டத் தெச்சியா, இல்ல சோத்துல பெசஞ்சு தின்னுட்டியா?” என்றேன் உன் குரலில். வாசல் நிலைக்கு வந்ததும் நீ குனிவதுபோலத் தலையைக் குனிந்தேன். ஐந்தடி இல்லாத நான், என் தலைக்கு மேல் ஓரடி தள்ளி இருக்கிற நிலைக்கு.

அவன் முகம் முதலில் சிவந்தது. எழுந்து வந்தான், அன்றைக்கு உன் கையை முறுக்கிய அதே வேகம். நான் வாசலை அடைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

“குடுத்தாதான் வழி.”

“இன்னாடி பண்ற நீயும்?”

“அப்பாதான் கேட்டாருண்ணா. அவ மாட்டேன்னுதான் சொன்னா. பண்ணணும்னு அவருதான் சொன்னாரு. என்ன சாட்சியா வெச்சாரு. நான் வாயத் தொறக்கல.”

அவன் கேட்டான்: “ஏழு வருஷமா?”

“ஏழு வருஷமா.”

“அவ ஏன் சொல்லல?”

“கேட்டுகினு இருந்தவதான் சொல்லணுமாம்.”

என்னை அடிப்பான் என்றே நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பிப் போய்ப் பெட்டிக்கு முன் உட்கார்ந்தான். அடியில் கைவிட்டுத் துழாவி, அந்தத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். அம்மா சீவித் தின்றது போக மிச்சமிருந்த ஒரே கொட்டை. உன் தாலி. கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

“வெத்தல இல்ல,” என்றான். “இது போதுமா?”

நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். நெடுநேரம் கழுவினான். உள்ளே வந்தபோது, “அவ அவ்வளவு ஆட்டி நடக்கமாட்டா, நீ கூட்டிக் காட்டற” என்றான். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டு பேருக்கும்.

இந்தக் கொட்டையை நான் சீவித் தின்னப் போவதில்லை. கசப்பும் தெரியும், பிறகு வருகிற இனிப்பும் தெரியும். டிராயரிலேயே பாபினோடு பாபினாகக் கிடக்கட்டும். எண்ணெய் நாறினால் நாறட்டும். நேரம் தப்பி வந்தவள்தான் நான், கேலியும் சரியாக வரவில்லை என்று உன் புருஷனே சொல்லிவிட்டான். ஆனாலும் வந்தேன். மறித்தேன். வாங்கிக்கொண்டேன்.

இப்போது வழி விட்டுவிட்டேன், கம்பங்கூழே. போ. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து போ.

உன்
சோத்துமூட்டை